எந்த வரியில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்?

மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் பேராசிரியர்கள் புத்தகம் தேடி வருவது குறைந்து வெகுகாலம் ஆகிறது. ஜர்னல்கள் அவரவர் கைபேசியிலேயே திறந்துவிடுகின்றன. இப்போது நூலகரான என்னைத் தேடி வருவது பெரும்பாலும் ஓர் எண்ணுக்காக. அவர்களுடைய பேப்பர்களை, அதாவது ஆய்வுக் கட்டுரைகளை, மற்ற ஆய்வாளர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துப் போடும் எண் அது. "சார், என் ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவுன்னு பார்த்து ஒரு லெட்டர் கொடுங்க, நாளைக்கு இன்டர்வியூ" என்பார்கள். பதவி உயர்வுக்கு, ஆய்வு நிதிக்கு, விருதுக்கு, எல்லாவற்றுக்கும் அந்த எண் வேண்டும். மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளங்கள் பல உண்டு. ஸ்கோபஸில் ஒன்று வரும், வெப் ஆஃப் சயின்ஸில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாக வரும், கூகுள் ஸ்காலரில் கூடுதலாக வரும். எது அதிகமோ அதைப் போடச் சொல்வார்கள். எடுத்துக் கொடுப்பது என் வேலை, கவனமாகவே செய்கிறேன். ஆனால் ஒரு விருதுக்காகத் தயாரித்த பட்டியல் மட்டும் மனதை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

கல்லூரியில் ஆண்டுதோறும் சிறந்த ஆய்வாளர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வுக் குழுவுக்கு நான் ஒரே பக்கத்தில் ஓர் அட்டவணை தர வேண்டும். பெயர், ஸ்கோபஸில் உள்ள பேப்பர்கள், மொத்த சைட்டேஷன் (மேற்கோள்), ஹெச்-இண்டெக்ஸ், கடைசிக் கட்டத்தில் 'கூட்டு இம்பாக்ட் ஃபேக்டர்'. இந்தக் கடைசிக் கட்டம் நம் ஊர்ப் படிவங்களில் எப்படி இவ்வளவு வேரூன்றியது என்பது எனக்கு விளங்கியதே இல்லை. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஜர்னலுக்கு உரிய கணக்கு. முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த ஜர்னலில் வந்தவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. அதை எடுத்து, அந்த ஜர்னலில் எழுதிய ஒருவரின் பேப்பருக்கு மதிப்பாக வைத்து, அப்படிப் பல ஜர்னல்களின் எண்களைக் கூட்டி அவருக்கு ரேங்க் போடுகிறோம். ஒரு மாணவன் படித்த ஐந்து வகுப்புகளின் சராசரி மதிப்பெண்களைக் கூட்டி அவனுடைய மார்க் ஷீட்டில் எழுதுவது போன்றது இது. அவன் எழுதிய விடைத்தாளை யாரும் திருத்தவே இல்லை.

அந்தச் சராசரியும் சரியான சராசரி அல்ல. எந்த ஜர்னலை எடுத்தாலும் ஒரு சில கட்டுரைகள்தான் பெரும்பகுதி மேற்கோள்களைக் கொண்டுவருகின்றன. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் வெளியிடும் ஒரு ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் அண்மை ஆண்டுகளில் 200-ஐத் தாண்டியே இருந்திருக்கிறது, ஓரிரு ஆண்டுகளில் 500-ஐயும் தொட்டது. காரணம் எளிது. அமெரிக்காவில் இந்த ஆண்டு எத்தனை பேருக்குப் புற்றுநோய் வரும், உலகில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்ற புள்ளிவிவரக் கட்டுரைகள் அதில்தான் வருகின்றன. புற்றுநோய் பற்றி யார் எதை எழுதினாலும் முதல் பத்தியின் முதல் வரியில் அதை மேற்கோள் காட்டுவார்கள். பயனுள்ள கட்டுரைகள்தான். ஆனால் அதே ஜர்னலில் வேறொரு கட்டுரை எழுதியவருக்கு அந்த 200-ஐத் தூக்கிக் கொடுப்பதில் என்ன நியாயம்?

அந்த ஆண்டு அட்டவணையில் கடைசியில் இரண்டு பெயர்கள் நின்றன. ஒருவர் பொது மருத்துவத் துறைப் பேராசிரியர். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் பெரிய கூட்டு ஆய்வுகளில் பங்கெடுப்பவர், நல்ல மருத்துவர், உழைப்பாளி. அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. இன்னொருவர் நுண்ணுயிரியல் துறையில் உதவிப் பேராசிரியர். முன்னவரின் எண்களுக்குப் பக்கத்தில் இவருடையதை வைத்தால் ஏதோ தட்டச்சுப் பிழை என்று நினைக்கத் தோன்றும், அவ்வளவு குறைவு.

இனிஷியலில் தொலைந்த பேப்பர்கள்

அவருடைய எண் அவ்வளவு குறைவாக இருந்ததற்கு முதல் காரணம் அவர் பெயர். இது தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லோருக்கும், அதிலும் பெண்களுக்கு, இருக்கும் தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அதன் பின் நம் பெயர். பப்மெட் போன்ற தரவுத்தளங்களோ குடும்பப் பெயரை முழுசாகவும் மற்றதை எழுத்தாகவும் வைக்கும் வழக்கத்தில் பிறந்தவை. முதல் பேப்பரில் இவர் அப்பாவின் இனிஷியலோடு இருந்தார். வெளிநாட்டு ஜர்னல் ஒன்று இனிஷியலை விரித்து எழுதச் சொன்னது, விரித்தார். அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி, இவர் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப்போனது. திருமணத்துக்குப் பிறகு வந்த பேப்பர்களில் கணவரின் இனிஷியல். ஸ்கோபஸ் இவரை மூன்று வெவ்வேறு ஆட்களாக வைத்திருந்தது. அதில் எது அதிகமோ அது மட்டுமே விண்ணப்பத்தில் ஏறியிருந்தது.

மூன்றையும் ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டேன். ஸ்கோபஸில் அதற்கென்று ஒரு வழி இருக்கிறது, பொறுமையாகச் செய்தால் நடக்கும். 2012-ல் ஆர்கிட் என்ற 16 இலக்க எண் வந்தது. ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஓர் எண், பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. அதையும் அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். புதிதாகச் சேரும் ஒவ்வொரு டாக்டரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: முதல் பேப்பர் அனுப்பும் முன்னால் உங்கள் பெயரை எப்படி எழுதப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள், அப்புறம் கல்யாணம் ஆனாலும் வெளிநாடு போனாலும் மாற்றாதீர்கள். பப்மெட்டில் ஒரு குமாரையோ ஒரு லட்சுமியையோ இனிஷியலோடு தேடிப் பாருங்கள், எத்தனை பேர் ஒரே வரியில் கலந்து நிற்கிறார்கள் என்று தெரியும். அங்கே யாருடைய பேப்பர் யாருடைய கணக்கில் ஏறுகிறது என்பதைக் கையால் பிரித்தால்தான் உண்டு.

மூன்று பேரையும் ஒருவராக்கிய பிறகும் அவர் எண் கொஞ்சம்தான் ஏறியது. ஹெச்-இண்டெக்ஸ் கணக்கு அப்படி. 2005-ல் கலிஃபோர்னியாவில் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. ஒருவருடைய ஹெச்-இண்டெக்ஸ் பத்து என்றால், குறைந்தது பத்துப் பத்து மேற்கோள் பெற்ற பத்துப் பேப்பர்கள் அவருக்கு இருக்கின்றன என்று பொருள். ஒரே ஒரு அருமையான பேப்பர் எழுதி அதை ஆயிரம் பேர் பயன்படுத்தினாலும், வேறெதுவும் எழுதாதவருக்கு ஹெச்-இண்டெக்ஸ் ஒன்றுதான். கொஞ்சமாக எழுதுபவரை அது கொஞ்சமாகவே காட்டும். இந்த எண் ஒருபோதும் குறையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் வயதில் மூத்தவர் பெரும்பாலும் மேலே இருப்பார்.

மேற்கோள் காட்டியவர்கள் எழுதிய வரிகள்

பேப்பர்களைச் சேர்க்கும்போது அவை உண்மையில் அவருடையவைதானா என்று சரிபார்க்க வேண்டியிருந்தது. அப்படிச் சரிபார்க்கப் போய்த்தான் அவருடைய ஒரு பேப்பரைப் படித்தேன். ஸ்க்ரப் டைஃபஸ் பற்றியது. புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணியின் குஞ்சு கடித்து வரும் காய்ச்சல் அது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கும். அக்குளிலோ இடுப்பிலோ மறைந்து கிடப்பதால் பல நேரம் யார் கண்ணிலும் படாது. கண்டுபிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை போதும். கண்டுபிடிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று போய் ஆளையே கொன்றுவிடும். ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருளை அளக்கும் எலைசா சோதனை செய்வார்கள். அதில் வரும் அளவு எதற்கு மேல் போனால் 'பாசிட்டிவ்' என்பதற்கு ஒரு கட்-ஆஃப் வேண்டும். இந்த நோய் பரவலாக உள்ள ஊர்களில் ஆரோக்கியமாக இருப்பவர்கள் ரத்தத்திலும் பழைய எதிர்ப்புப் பொருள் கொஞ்சம் இருக்கும். வேறு நாட்டு அளவை அப்படியே வைத்தால், டைஃபாய்டோ டெங்குவோ வந்து படுத்திருப்பவருக்கும் ஸ்க்ரப் டைஃபஸ் என்று ரிப்போர்ட் போய்விடும். ஆகவே நம் ஊர் ஆட்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்று பார்க்க வேண்டும். இவர் ரத்த தானம் செய்தவர்களின் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, சராசரியும் அதற்கு மேல் மூன்று திட்ட விலக்கமும் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற கணக்கு) கூட்டி, நம் பகுதிக்கு இந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். பிரமாதமான கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் யாராவது செய்தே ஆக வேண்டிய வேலை.

அன்றைக்கு ஸ்கோபஸில் அந்தப் பேப்பரை மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பட்டியலைத் திறந்தேன். இதுவரை அந்தப் பட்டியலின் நீளத்தைத்தான் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை ஒவ்வொன்றாக உள்ளே போய், இவருடைய பேப்பர் எந்த இடத்தில், எந்த வரியில் வருகிறது என்று பார்த்தேன். பெரும்பாலும் செய்முறைப் பகுதியில் வந்தது. 'எங்கள் மாவட்டத்துக்கெனத் தனி அளவு இல்லாததால் இந்த ஆய்வில் கண்ட கட்-ஆஃபையே எடுத்துக்கொண்டோம்' என்கிற மாதிரி வரிகள். இன்னொருவர் அந்த அளவைத் தன் நோயாளிகளிடம் சோதித்து, கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தார். அதற்கான காரணத்தையும் ஒரு முழுப் பத்தியில் சொல்லியிருந்தார். அந்தப் பத்தியைப் படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. முகம் தெரியாத இரண்டு பேர், ஒரே காய்ச்சலைப் பற்றி, ஒருவர் சொன்னதை மற்றவர் எடுத்துப் பார்த்து, திருத்தி, மேலே கொண்டுபோகிறார்கள். என் அட்டவணையில் இது வெறும் 'ஒன்று'.

சரி என்று பொது மருத்துவப் பேராசிரியருடைய அதிக மேற்கோள் பெற்ற பேப்பர்களையும் அதே மாதிரி பார்த்தேன். பெரும்பாலானவை முன்னுரையில், முதல் அல்லது இரண்டாம் வரியில். 'இந்நோய் வளரும் நாடுகளில் பெரும் சுமையாக உள்ளது' என்று எழுதிவிட்டு, வரிசையாக எட்டுப் பத்து எண்கள். அந்தக் கொத்தில் அவருடையதும் ஒன்று. எடுத்துவிட்டால் அந்த வாக்கியத்துக்கு எதுவும் ஆகாது. இதுவும் ஒன்று, அதுவும் ஒன்று. மறுத்து எழுதினாலும் ஒன்றுதான். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998-ல் லான்செட்டில் வந்து, 2010-ல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்கு இன்றும் மேற்கோள்கள் குவிகின்றன. பெரும்பாலும் அது தவறு என்று சொல்வதற்காக. எண்ணும் இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொன்றும் பிறகு நுண்ணுயிரியல் மேடத்திடம் பேசும்போது தெரிந்தது. "நம்ம நம்பரை யூஸ் பண்றோம்னு சில லேப்ல இருந்து போன் பண்ணிக் கேப்பாங்க சார், ஷீட்ல எழுதி செவுத்துல ஒட்டி வச்சிருக்காங்களாம்" என்றார். சுவரில் ஒட்டிய தாளை எந்தத் தரவுத்தளம் எண்ணப்போகிறது?

1959

மேற்கோள்களைப் பட்டியலாக்கும் யோசனை எடைபோடுவதற்காகப் பிறந்ததல்ல. யூஜீன் கார்ஃபீல்டு 1955-ல் 'சயின்ஸ்' இதழில் அதை முன்வைத்தார். அமெரிக்க வழக்கறிஞர்களிடம் ஏற்கெனவே அப்படி ஒரு பட்டியல் இருந்தது. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் ஏற்றன, எவை மறுத்தன என்று காட்டும் ஷெப்பர்டு பட்டியல். அதையே அறிவியலுக்குச் செய்யலாமே என்றார். ஒரு பேப்பர் வந்தபின் அதற்கு என்ன ஆயிற்று, யார் தொடர்ந்தார்கள், யார் பிழை கண்டார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க ஒரு கருவி. வழக்கறிஞர்களின் பட்டியலில் ஏற்றதா மறுத்ததா என்ற குறிப்பும் கூடவே இருக்கும். அறிவியலுக்கு வந்தபோது அது விடுபட்டு, எண்ணிக்கை மட்டும் நின்றது. நான்கைந்து ஆண்டுகள் அந்த யோசனை அப்படியே கிடந்தது. 1959-ல் மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க், முந்தைய ஆண்டுதான் நோபல் வாங்கியவர், அந்த யோசனை என்ன ஆயிற்று என்று விசாரித்துக் கார்ஃபீல்டுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய ஆதரவோடு முதலில் மரபியலுக்கும், 1964-ல் எல்லா அறிவியலுக்கும் மேற்கோள் குறியீடு வெளிவந்தது.

அதே 1959-ல், மே மாத இறுதியில், 'நேச்சர்' இதழில் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர் ஒரே ஒருவர்: கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் பேராசிரியர் சம்பு நாத் தே. முயலின் குடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, காலரா கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாமல் அதற்குள் செலுத்தினார். குடல் துண்டு நீர் கோத்து வீங்கியது. கிருமி இல்லை, ஆனாலும் காலரா செய்யும் வேலை நடக்கிறது. அப்படியானால் கிருமி வெளியேற்றும் ஒரு நச்சுதான் உடலின் நீரை வாரிக் கொட்டுகிறது. காலரா கிருமியை ஆராய்ந்த ஜெர்மானியர் ராபர்ட் கோஹ் 1884-ல் ஊகித்து, அதன்பின் முக்கால் நூற்றாண்டு நிரூபிக்க முடியாமல் கிடந்த விஷயம் அது. காலராவை இன்று நாம் புரிந்துகொள்ளும் விதம் அந்த முயல் குடலிலிருந்துதான் தொடங்குகிறது.

வந்த புதிதில் அந்தக் கட்டுரையைப் பலர் கண்டுகொள்ளவில்லை. தே 1973-ல் ஓய்வு பெற்றார். லெடர்பெர்க் அவரை ஒருமுறைக்கு மேல் நோபலுக்குப் பரிந்துரைத்தார். 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. நம் நாட்டு அறிவியல் கழகங்கள் எதுவும் அவரைக் கௌரவிக்கவில்லை. 1985-ல் காலமானார். மறு ஆண்டு, கார்ஃபீல்டு தன் 'கரண்ட் கான்டென்ட்ஸ்' வார இதழில் காலரா ஆய்வுகளின் மேற்கோள் வரைபடத்தைப் போட்டு, அதன் நடுவில் தே எங்கே நிற்கிறார் என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் குட்டி இதழ்களை எங்கள் துறையில் மூத்தவர்கள் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். பின்பக்கத்தில் ஆசிரியர்களின் முகவரி இருக்கும். பார்த்து அஞ்சலட்டை போட்டால் கடல் கடந்து ரீபிரிண்ட், அதாவது கட்டுரையின் அச்சுப் பிரதி, வரும்.

கார்ஃபீல்டின் இந்தக் கட்டுரையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மேற்கோள் குறியீட்டைப் படைத்தவரே, அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று செய்து காட்டிய இடம் அது. தேயின் மொத்த மேற்கோள் இத்தனை என்று சொல்லி அவர் நிறுத்தவில்லை. எந்த ஆய்விலிருந்து எந்த ஆய்வு பிறந்தது என்று கோடு பிடித்துப் போனார். ஆனால் அந்த வேலை நடந்தபோது அந்த மனிதர் உயிரோடு இல்லை. அவர் பணியில் இருந்த காலத்தில், எந்தத் தேர்வுக் குழுவாவது அன்றைய கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும்?

1959-ல் இன்னொன்றும் நடந்தது, இது நம் சேத்துப்பட்டில். சென்னையில் அன்றிருந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. காசநோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, ஓய்வு, கவனிப்போடு. மறு பாதியினர் நெரிசலான குடிசைகளில், அரைவயிற்றோடு, வேலைக்கும் போய்க்கொண்டு. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. முடிவில் இரு தரப்பிலும் குணமானவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டு, காசநோயாளி வீட்டிலேயே மருந்து சாப்பிடலாம் என்று ஆனதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை எழுதியவர் யார் என்று பார்த்தால், ஆசிரியர் இடத்தில் மையத்தின் பெயர்தான் இருக்கிறது. வீடு வீடாகப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தவர்கள், சளியைச் சோதித்தவர்கள், அந்த மையத்தை நடத்திய வாலஸ் ஃபாக்ஸ், யாருடைய ஹெச்-இண்டெக்ஸிலும் அந்த அறிக்கை ஒரு புள்ளிகூட ஏற்றாது. இன்றைக்கு உலக நோய்ச்சுமை பற்றிய பெரும் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கானவர்கள் ஆசிரியர்களாக வருகிறார்கள். வரும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேருக்கும் முழுசாக ஏறுகிறது. பங்கெடுத்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே அளவுகோல் இந்த இரண்டையும் அளக்கிறது என்றால் அதை அளவுகோல் என்று நான் எப்படிச் சொல்வேன்?

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகத சுப்பாராவை எடுத்துக்கொண்டாலும் இதுதான் கதை. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1925-ல் அவர் எழுதிய பாஸ்பரஸ் அளக்கும் முறை உயிர்வேதியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றில் ஒன்று. பின்னர் லெடர்லி நிறுவனத்தில் அவர் தலைமையில் உருவான ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்துகள் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு முதல்முறையாக நோய் தணிந்திருக்க வழி செய்தன. 1948-ல் அந்தச் செய்தியைச் சொன்ன சிட்னி ஃபார்பர் குழுவின் கட்டுரையில் ஆசிரியராக அவர் பெயர் கிடையாது. அந்தப் பரம்பரையில் வந்த மெத்தோட்ரெக்சேட்டை நம் மருத்துவமனை மருந்தகத்தில் இன்றும் தினமும் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

குழுவின் முன்னால்

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, அந்த அட்டவணையோடு கூடுதலாகச் சில தாள்களை இணைத்தேன். கடைசிச் சுற்றில் நின்ற இருவருக்கும், அவர்களுடைய முக்கியமான பேப்பர்களை மேற்கோள் காட்டியவர்கள் என்ன எழுதினார்கள் என்று வரி வரியாக எடுத்து வைத்தேன். யாருக்கும் சாதகமாகத் தேர்ந்தெடுக்கவில்லை, கிடைத்ததையெல்லாம் வைத்தேன். குழுவில் மூத்தவர் ஒருவர் புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதையெல்லாம் உட்கார்ந்து யார் படிக்கிறது? நம்பர் இருக்கில்ல, அது போதும்" என்றார். விருது எண்களின்படி போனது. நுண்ணுயிரியல் மேடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரமே வேறொரு கட்டுரைக்கு ரெஃபரன்ஸ் தேட வந்துவிட்டார்.

அந்த மூத்தவர் கெட்ட மனிதர் அல்ல. இந்த அமைப்பில் எண் பார்த்துப் பழகியவர். மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வு விதிகளே அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. 2015-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் விட்ட சுற்றறிக்கையில் பேப்பரில் முதல் இரண்டு இடங்களில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான் கணக்கு என்றார்கள். மருத்துவ ஆய்வில் கடைசிப் பெயர்தான் ஆய்வை வழிநடத்தியவருடையது என்ற உலக வழக்கம் அதில் இடமே பெறவில்லை. எந்த ஜர்னல்கள் செல்லும் என்று காட்டும் குறியீட்டுப் பட்டியல்களில் இன்டெக்ஸ் கோப்பர்னிகஸையும் சேர்த்தார்கள். பணம் கட்டினால் எதையும் போடும் ஜர்னல்கள் பல அந்தப் பட்டியலுக்குள் இருந்தன. பிறகு 2020-ல் திருத்தினார்கள், மூன்றாவதாகப் பெயர் வருபவரும், பேப்பர் தொடர்பாக ஜர்னலோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் தொடர்புக்குரிய ஆசிரியரும் உள்ளே வந்தார்கள். எந்த இடத்தில் பெயர் வர வேண்டும் என்பதில் தொடங்கும் சண்டைகளை நான் நூலக மேசையிலேயே பார்த்திருக்கிறேன். பேப்பருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சண்டை போட்டுப் பார்த்ததில்லை.

எண்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணை நியாயமாக்கவும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2016-ல் ஒரு விகிதத்தைக் கொண்டுவந்தன. ஒரு பேப்பரை அதே துறையில் அதோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் பேப்பர்களோடு ஒப்பிட்டு, அந்த நிறுவனங்களின் நிதியில் வந்த பேப்பர்களின் நடுமதிப்பை ஒன்று என்று வைத்துக் கணக்கிடுவது. ஸ்க்ரப் டைஃபஸ் ஆய்வைப் புற்றுநோய் ஆய்வோடு மோத விடாமல் இருக்க அது உதவும். ஐசைட் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அந்த நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்திலேயே 2015 முதல் ஆய்வாளர் தன் பங்களிப்புகளை ஐந்துக்கு மிகாமல் சொந்த வார்த்தைகளில் விளக்கி, ஒவ்வொன்றுக்கும் நான்கு பேப்பர்களுக்கு மிகாமல் காட்டும் முறை இருந்தது. ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் 2012 டிசம்பரில் கூடி எழுதப்பட்டு அடுத்த ஆண்டு வெளியானது. இதையெல்லாம் நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இந்த ஆண்டு விருதுக்கான படிவம் தயாராகும் முன்னால் கல்லூரி முதல்வர் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். கூட்டு இம்பாக்ட் ஃபேக்டர் கட்டத்தை எடுத்துவிடுங்கள். விண்ணப்பிப்பவர் தன்னுடைய மூன்று பேப்பர்களைத் தானே தேர்ந்தெடுத்து, அதில் தன் பங்கு என்ன என்று அரைப் பக்கம் எழுதட்டும். அந்த மூன்றையும் மேற்கோள் காட்டியவர்கள் எழுதிய வரிகளை நூலகம் எடுத்துக் கொடுக்கும், அது என் பொறுப்பு. யார் படிப்பது என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் எழுதியிருக்கிறேன். கடைசிச் சுற்றுக்கு ஐந்து பேர் வருகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மூன்று என்றால் பதினைந்து பேப்பர்கள். குழுவில் ஐந்து பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கு மூன்று வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் மாலை ஓ.பி. தொடங்குவதற்குள் முடிந்துவிடும். நூலகத்தின் பின்பக்க அறையை அதற்காகத் திறந்து வைக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.